இந்தியாவின் நில எல்லை எத்தனை கிலோமீட்டர்? ஆப்கானிஸ்தான் நமக்கு அண்டை நாடா?

கரும்பலகை:

வணக்கம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் இந்தியாவின் அமைவிடம் நடத்தும்போது, நில எல்லை 15,200 கி.மீ., நிலவழி அண்டை நாடுகள் ஏழு என்று எழுதிப் போட்டேன். ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், ஆப்கானிஸ்தான் பக்கத்து நாடுன்னா நாம நேரா அங்க போகலாமா? நடுவுல பாகிஸ்தான் இருக்கே?" என்றாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினால் குழப்பம் கூடியது. உள்துறை அமைச்சகக் கணக்கு 15,106.7 கி.மீ. என்கிறது. அமெரிக்க சிஐஏவின் உலகத் தரவு நூலில் 13,888 என்று இருக்கிறது. ஒரே நாட்டின் எல்லையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எப்படி வித்தியாசம் வரும்? வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பெரிய சார்ட் செய்யப்போகிறேன். அந்தப் பெண் பெரியவளாகி நினைத்துப் பார்த்தாலும் தப்பாகத் தெரியாத சார்ட்டாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்:

டீச்சர், முதலில் அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்து. வரைபடம் போடுவதுதான் என் வேலை என்பதால் எண்களை மட்டும் நான் சொல்கிறேன்.

15,200 என்பது தோராயமாகச் சொல்வது. 15,106.7 என்பது நாடுவாரியாகக் கூட்டியது. வங்கதேசம் 4,096.7, சீனா 3,488, பாகிஸ்தான் 3,323, நேபாளம் 1,751, மியான்மர் 1,643, பூடான் 699, ஆப்கானிஸ்தான் 106. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். பிள்ளைகளையே கூட்டச் சொல்லலாம்.

13,888 எங்கிருந்து வருகிறது என்றால், அந்தப் பட்டியலில் ஆப்கானிஸ்தானே கிடையாது. சீன எல்லை 2,659 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். வித்தியாசத்தில் முக்கால் பங்கு இந்த இரண்டிலேயே அடங்கிவிடும். இதைவிடப் பெரிய விஷயம், நாம் 3,488 என்று சொல்லும் எல்லையைச் சீனத் தரப்பு ஏறக்குறைய 2,000 கி.மீ. என்றுதான் சொல்லிவருகிறது. அளவு நாடாவில் கோளாறு இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதிலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

அப்புறம் இன்னொன்று. மலை முகடும் ஆறும் எல்லையாக இருக்கும் இடத்தில், எவ்வளவு நுணுக்கமான வரைபடத்தில் அளக்கிறோமோ அவ்வளவு நீளம் கூடும். நம் கடற்கரையே சாட்சி. பல பத்தாண்டுகளாக 7,516.6 கி.மீ. என்று படித்தோம். அண்மையில் நுணுக்கமாக மறுபடி அளந்தபோது 11,098.8 கி.மீ. வந்தது. நிலம் வளரவில்லை, ஒவ்வொரு வளைவையும் கணக்கில் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

தேர்வுக்காரன்:

போட்டித் தேர்வு எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். கேள்வியில் 15,200, 15,106.7 இரண்டும் விடையாகக் கொடுத்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

அளவுகோல்:

தம்பி, "சுமார்" என்று கேட்டால் 15,200. தசம எண்ணோடு கேட்டால் 15,106.7. இரண்டையும் ஒரே கேள்வியில் நான் இதுவரை பார்த்ததில்லை.

எல்லைக்கல்:

எல்லைப் பாதுகாப்புப் படையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். ராஜஸ்தான், பஞ்சாப், மேற்கு வங்கம் என்று மூன்று பக்கமும் நின்றிருக்கிறேன். டீச்சர் கேட்ட அந்த 106 கி.மீ. பற்றிச் சொல்கிறேன்.

ஆப்கானிஸ்தான் வரைபடத்தில் வடகிழக்கு மூலையில் ஒரு நீண்ட நாக்கு கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும். வக்கான் என்று பெயர். ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக 1895-இல் நடுவில் விட்ட இடம் அது. அதற்குத் தெற்கே கில்கித். கில்கித், ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மகாராஜா ஹரி சிங் 1947 அக்டோபர் 26-இல் இந்தியாவோடு இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். சில நாட்களில், நவம்பர் தொடக்கத்திலேயே, கில்கித் ஸ்கவுட்ஸ் படை பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. அன்று முதல் அந்தப் பகுதி பாகிஸ்தான் கையில். ஆகவே சட்டப்படி நமக்கு ஆப்கானிஸ்தானோடு 106 கி.மீ. எல்லை உண்டு. ஆனால் அங்கே நம் பிஓபி ஒன்றுகூட இல்லை. பிஓபி என்றால் எல்லையில் இருக்கும் காவல் சாவடி, நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்தப் பக்கத்திலிருந்து அங்கே நம் ஆள் யாரும் நடந்து போக முடியாது.

மாணவி கேட்டது சரி. புத்தகத்தில் இருப்பதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதைத்தான் அந்தப் பெண்ணுக்கு விளக்க வேண்டும்.

வடமலை:

எல்லைக்கல் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதில் எனக்கு உடன்பாடில்லை. 1994 பிப்ரவரி 22-இல் நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஜம்மு காஷ்மீர் முழுவதும் இந்தியாவின் பிரிக்க முடியாத பகுதி, ஆக்கிரமித்த இடத்தைப் பாகிஸ்தான் காலி செய்ய வேண்டும் என்று. 2019-இல் மாநிலத்தைப் பிரித்தபோது கில்கித் லடாக் ஒன்றியப் பகுதிக்குள் காட்டப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடச் சுவரில் ஏழு நாடுகள்தான் இருக்க வேண்டும். "ஆனால் அங்கே போக முடியாது" என்று பக்கத்தில் எழுதினால், பத்தாம் வகுப்புப் பிள்ளை மனதில் நாமே அந்த உரிமையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகாதா?

எல்லைக்கல்:

வடமலை தம்பி, ஆகாது. ஏழு என்றே எழுதட்டும், நான் ஆறு என்று சொல்லவில்லை. ஆனால் உண்மை நிலையைச் சொல்வதால் உரிமை போய்விடாது. எங்களுக்குப் பயிற்சியிலேயே இதைப் பிரித்துத்தான் சொல்லித்தருவார்கள். பாகிஸ்தானோடு இருக்கும் 3,323 கி.மீ.யும் ஒரே மாதிரியான எல்லை கிடையாது. குஜராத் தொடங்கி ஜம்மு வரை சர்வதேச எல்லை. அதற்கு மேலே சுமார் 740 கி.மீ. கட்டுப்பாட்டுக் கோடு. 1949-இல் போர் நிறுத்தக் கோடாக இருந்தது, 1971 போருக்குப் பிறகு சிம்லா உடன்படிக்கைப்படி 1972-இல் கட்டுப்பாட்டுக் கோடாக மாறியது. அந்தக் கோடு என்ஜே 9842 என்ற புள்ளியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் "வடக்கே பனியாறுகள் வரை" என்று மட்டும் எழுதி விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரியின் விலைதான் சியாச்சின். 1984-இலிருந்து நம் ராணுவம் அங்கே நிற்கிறது. அந்த 110 கி.மீ.க்குப் பெயர் வேறு, படைகள் உண்மையில் நிற்கும் நிலைக் கோடு.

ஒரே பக்கத்து நாட்டோடு மூன்று விதமான கோடு. சிப்பாய்க்கு எந்தக் கோட்டில் நிற்கிறோம் என்று தெரியாவிட்டால் உயிர் போகும். பிள்ளைகளுக்கும் தெரியட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடு என்றதும் வேலியும் விளக்கும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஜெய்சல்மர் பக்கம் மணல் மேடுகள் இடம் மாறும். காற்றடிக்கிற மாதங்களில் காலையில் எழுந்தால் வேலியில் பாதி மணலுக்குள் போயிருக்கும். அள்ளிக்கொண்டே இருப்போம். குருதாஸ்பூர் பக்கம் வேறு மாதிரி. தேரா பாபா நானக்கில் நின்று பார்த்தால் ராவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்த்தார்பூர் குருத்வாரா வெள்ளையாகத் தெரியும். குரு நானக் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். நான் அங்கே இருந்த காலத்தில் சீக்கியர்கள் வந்து பைனாகுலர் வழியாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நாலைந்து கிலோமீட்டர் தூரம்தான். 2019 நவம்பர் 9-இல் விசா இல்லாமல் போய்வர வழி திறந்தபோது நான் ஓய்வு பெற்று ஊரில் இருந்தேன். டிவியில் பார்த்து அழுதுவிட்டேன். 2025 மே மாதம் அந்த வழி மறுபடி மூடப்பட்டது.

வடமலை:

ஐயா, மூன்று விதக் கோடு என்பதை நான் இவ்வளவு தெளிவாக யோசித்ததில்லை. ஏழு என்று எழுதி, கீழே விளக்கம் தருவதில் எனக்கு எதிர்ப்பில்லை. ஏழு என்பது மட்டும் மாறக் கூடாது.

அளவுகோல்:

அதே கணக்கில் சீனாவையும் பார்க்க வேண்டும். கிழக்கே மக்மஹோன் கோடு. 1914-இல் சிம்லாவில் பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் ஒப்புக்கொண்டது, சீனா ஏற்கவில்லை. நீர் பிரியும் முகட்டை ஒட்டிக் கோடு போவதுதான் நோக்கம். சின்ன அளவு வரைபடத்தில் தடித்த பேனாவால் போட்டால், மை அகலமே தரையில் கிலோமீட்டர் கணக்கில் வரும். மேற்கே அக்சாய் சின், சுமார் 38,000 சதுர கி.மீ., சீனா வசம். ஷக்ஸ்காம் பள்ளத்தாக்கை 1963-இல் பாகிஸ்தான் சீனாவுக்குக் கொடுத்தது. நம் கணக்கில் அதுவும் நம்முடையது.

இங்கே இருப்பது "உண்மைக் கட்டுப்பாட்டுக் கோடு". இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரைபடம் இதற்குக் கிடையாது. ஒரே பள்ளத்தாக்கில் இருவரும் தங்கள் தங்கள் கோடு வரை ரோந்து போகும்போது நேருக்கு நேர் வந்துவிடுகிறார்கள். 2020 ஜூன் 15-இல் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்களே, துப்பாக்கிச் சண்டையில் இல்லை. 1996 ஒப்பந்தப்படி கோட்டுக்கு அருகே சுடக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அன்று இறந்தவர்களில் ஒருவர். அவருக்கு வீர் சக்ரா கொடுத்தார்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டாம்.

கடலோரக்காரன்:

எல்லை என்றதும் கச்சத்தீவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

நெறியாளர்:

நண்பரே, அது கடல் எல்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் பற்றித் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. இங்கே நில எல்லையோடு நிற்போம்.

தீஸ்தாக்கரை:

எல்லோரும் மேற்கையும் வடக்கையும் பேசுகிறீர்கள். நமக்கு மிக நீளமான எல்லை வங்கதேசத்தோடுதான். அதை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். வங்கி வேலையில் மூன்று வருடம் மேற்கு வங்கத்தின் கூச் பிஹார் மாவட்டத்தில் இருந்தேன்.

அந்த எல்லைக் கோட்டைப் போட்டவர் சிரில் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர். 1947 ஜூலை 8-இல் இந்தியா வந்தார். அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துக் கொடுத்தார். கோடு வெளியானது ஆகஸ்ட் 17. சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. அந்த இரண்டு நாளும் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி பறந்தது, குல்னாவில் இந்தியக் கொடி பறந்தது. 17-ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு ஊரும் கொடியை மாற்றிக்கொண்டன. அங்கே ஒரு வயதானவர் என்னிடம், "நான் மூன்று நாள் வேறு நாட்டில் இருந்தேன், வீட்டை விட்டு வெளியே போகாமலே" என்றார்.

நான் பார்த்தவரை வேலி எல்லையில் இல்லை. இது பலருக்குத் தெரியாது. 1975-இல் இரு நாடும் பேசி முடிவு செய்தபடி கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் காவல் கட்டுமானம் எதுவும் கூடாது. அதனால் பெரும்பாலான இடங்களில் நம் வேலி நம் நிலத்துக்குள்ளேயே தள்ளி நிற்கிறது. வேலிக்கும் கோட்டுக்கும் நடுவே வயல் இருக்கிறது, சில இடங்களில் வீடுகளே இருக்கின்றன. அதுவும் இந்தியாதான். அந்த வயலுக்குப் போக கேட் உண்டு, திறக்கும் நேரம் உண்டு. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய், வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். என் வங்கியில் கடன் கேட்டு வந்த ஒரு விவசாயியின் நிலம் முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம். இரவில் பயிரை மாடு மேய்ந்தாலும் போய் விரட்ட முடியாது, கேட் மூடியிருக்கும். அந்த நிலத்தை அடமானமாக ஏற்கலாமா என்று மேலிடத்தில் கேட்டேன். கடைசி வரை சரியான பதில் வரவில்லை. அவருக்குக் கடன் கொடுக்க முடியாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்.

எல்லைக்கல்:

தீஸ்தாக்கரை சொல்வது அத்தனையும் உண்மை. கேட் டியூட்டி நானும் பார்த்திருக்கிறேன். மாலையில் எண்ணிக்கை ஒன்று குறைந்தால் மனசு அடித்துக்கொள்ளும். வயலில் மயங்கி விழுந்த ஒரு பாட்டியை நாங்கள் தூக்கி வந்திருக்கிறோம். துப்ரி பக்கம் பிரம்மபுத்திராவில் இன்னும் கஷ்டம். ஆறு வருடா வருடம் மணல் திட்டுகளைக் கரைக்கும், புதிதாக உண்டாக்கும். சர் என்பார்கள் அந்தத் திட்டுகளை. போன வருடம் நாம் ரோந்து போன திட்டு இந்த வருடம் தண்ணீருக்கு அடியில் இருக்கும். அங்கே வேலி எங்கே போடுவது? படகில்தான் காவல்.

நாமக்கல்_லாரி:

நான் படிப்பு அதிகம் இல்லாதவன், ஆனால் எல்லை நிறைய பார்த்தவன். பதினெட்டு வருடம் லாரி ஓட்டினேன். பீகாரில் ரக்சால் வரைக்கும் லோடு கொண்டு போயிருக்கிறேன், அதைத் தாண்டினால் நேபாளத்து பீர்கஞ்ச். முதல் தடவை போனபோது எல்லை எங்கே என்று கிளீனர் பையனிடம் கேட்டேன். "அண்ணே, இப்பதான தாண்டினோம்" என்றான். ரிக்‌ஷாக்காரர், பள்ளிப் பிள்ளை, கல்யாணக் கோஷ்டி எல்லாரும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். வண்டிக்குத்தான் பன்சார் கட்ட வேண்டும், அது அவர்கள் ஊர் சுங்கம். லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். மனுசனுக்கு வேலி இல்லை, சரக்குக்குத்தான் வரிசை.

அங்கே டீக்கடை வைத்திருந்த அம்மா பிறந்த ஊர் நேபாளம், வாழ்க்கைப்பட்டது இந்தியா. ரொட்டியும் பெண்ணும் கொடுத்து வாங்குகிற உறவு என்று இந்தியில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் நம் ஊரில் கொண்டான் கொடுத்தான் என்பது நினைவுக்கு வந்தது.

அளவுகோல்:

நாமக்கல் அண்ணன் சொன்னதோடு இரண்டு வரி சேர்க்கிறேன். 1816 சுகௌலி உடன்படிக்கைதான் அந்த எல்லைக்கு அடிப்படை. மேற்கே காளி ஆறு, கிழக்கே மேச்சி ஆறு. 1950 நட்புறவு உடன்படிக்கைக்குப் பிறகும் திறந்த எல்லையாகவே தொடர்கிறது. கோட்டை ஒட்டிக் காலியாக விடும் பட்டைக்கு தஸ்கஜா என்று பெயர், பத்து கஜம் என்று அர்த்தம். பல இடங்களில் அதிலேயே கடை போட்டிருக்கிறார்கள்! திறந்த எல்லை என்பதால் தகராறே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். காளி ஆறு எங்கே பிறக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால்தான் காலாபானி பிரச்சினை. 2020-இல் நேபாளம் அந்தப் பகுதியைச் சேர்த்துப் புது வரைபடமே வெளியிட்டது.

பூடானைப் பற்றி ஒரு சின்னத் தகவல். அசாம், வங்காளத்திலிருந்து பூடான் மலைக்கு ஏறும் சமவெளிப் பகுதிக்கு துவார் என்று பெயர். நம் கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகரில் இருக்கும் அதே துவாரம்தான், வாசல். பூடானுக்கு அப்படிப் பதினெட்டு வாசல்கள் இருந்தன. 1864-65 போருக்குப் பிறகு பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய எல்லை மலையடிவாரத்தோடு ஒட்டிப் போவது அதனால்தான்.

பர்மாப்பேத்தி:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மியான்மர் பக்கம் யாராவது வருவார்களா என்று பார்த்தேன். யாரும் வராததால் நானே எழுதுகிறேன். நான் பிறந்தது மோரேயில். மணிப்பூரில், எல்லையை ஒட்டிய கடைசி ஊர். கேட்டைத் தாண்டினால் மியான்மரின் தமு.

தாத்தா காலத்தில் குடும்பம் பர்மாவில் இருந்தது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். தாத்தா குடும்பமும் கப்பலில் சென்னை வந்து முகாமில் இருந்தது. பாட்டிக்கு இங்கே ஒன்றும் பிடிபடவில்லை. பர்மாவில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு அதுதான் ஊர். இப்படி நினைத்த பல குடும்பங்கள் தரைவழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பி ரயில், பஸ், நடை என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் உள்ளே விடவில்லை. திரும்பி வரவும் மனசில்லை, கையில் காசும் இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி உண்டானதுதான் மோரேத் தமிழர்.

எங்கள் ஊரில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் இருக்கிறது, கோபுரத்தோடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பங்குனித் திருவிழாவுக்கு தமுவிலிருந்து ஆட்கள் வருவார்கள். பாட்டி மணிப்பூரி, பர்மியம், தமிழ் மூன்றும் பேசுவாள். காலையில் கேட்டைத் தாண்டிப் போய்ச் சாமான் வாங்கிவிட்டு மாலைக்குள் திரும்புவோம். எல்லையிலிருந்து இரு பக்கமும் 16 கி.மீ.க்குள் இருப்பவர்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்ற ஏற்பாடு இருந்தது. எங்களைவிடக் குக்கி, நாகா மக்களுக்கு அது முக்கியம். அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம் என்று ஒரே குடும்பம் இரண்டு நாட்டிலும் இருக்கும். நாகாலாந்தில் லோங்வா என்ற ஊரில் தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லை போகிறது. அந்த வீடு இருந்த இடத்தில்தான் கோடு பிறகு வந்தது.

2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் தொடங்கியபோது மோரேயும் எரிந்தது. 2024 பிப்ரவரியில் அந்தத் தடையில்லாப் போக்குவரத்தை நிறுத்துவதாக மத்திய அரசு அறிவித்தது. 1,643 கி.மீ.யும் வேலி போடப்போவதாகவும் சொன்னது. அந்த ஆண்டு முடிவில் 10 கி.மீ.க்கு அனுமதிச் சீட்டோடு என்று புது விதி வந்தது. ஆயுதமும் போதைப்பொருளும் வருகிறது என்ற காரணம் பொய்யில்லை, நாங்களே பார்த்திருக்கிறோம். ஆனாலும் எங்கள் சனத்துக்கு வியாபாரம்தான் சோறு. கேட் மூடினால் ஊரே மூடின மாதிரி. ஒரு காலத்தில் பல ஆயிரம் குடும்பமாக இருந்தவர்கள் இப்போது கொஞ்சம்தான் மிச்சம். நான் சென்னையில் இருக்கிறேன். அம்மா வரமாட்டேன் என்று இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

டீச்சர், உங்கள் சார்ட்டில் மியான்மர் என்று எழுதும்போது மோரே என்று ஒரு புள்ளி வையுங்கள். அங்கே தமிழ் பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று உங்கள் வகுப்புக்குச் சொல்லுங்கள்.

கரும்பலகை:

பர்மாப்பேத்தி, கண்டிப்பாக வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அம்மா நலமாக இருக்கட்டும்.

தேர்வுக்காரன்:

அக்கா, சென்னை பர்மா பஜாரில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடும்போதெல்லாம் அது எந்த வழியாக வந்தது என்று யோசித்ததே இல்லை. நன்றி.

வடமலை:

நானும் ஒன்று சொல்கிறேன். வேலி வேண்டும் என்று எப்போதும் பேசுகிறவன் நான். இப்போதும் பாதுகாப்பு முக்கியம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேட்டின் இந்தப் பக்கம் அம்மா இருக்கிறார் என்று இனி மறக்க முடியாது. தீஸ்தாக்கரை, சிட்மஹல் பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

தீஸ்தாக்கரை:

எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்கே தனியாக ஒரு நாள் வேண்டும்.

கூச் பிஹார் ராஜாவுக்கும் ரங்பூர் பக்கத்து ஆட்சிக்கும் இருந்த பழைய நில உரிமைகள் சிதறிச் சிதறிக் கிடந்தன. ராஜாக்கள் சூதாட்டத்தில் ஊர்களைப் பணயம் வைத்தார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு, அது கதைதான். 1947-இல் ரங்பூர் பாகிஸ்தானுக்குப் போனது. 1949-இல் கூச் பிஹார் இந்தியாவோடு சேர்ந்தது. அந்த நொடியில், ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் துண்டுகளாக 162 இடங்கள் மாட்டிக்கொண்டன. வங்கதேசத்துக்குள் நம் துண்டுகள் 111, நமக்குள் அவர்கள் துண்டுகள் 51. சிட்மஹல் என்பார்கள். தஹலா காக்ராபாரி என்று ஒரு சணல் வயல் இருந்தது, இரண்டு ஏக்கர்கூடத் தேறாது. அது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேசத் துண்டு. அதைச் சுற்றி இந்தியத் துண்டு. அதைச் சுற்றி வங்கதேசம்.

1974-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்டார்கள். நிறைவேற 41 வருடம் ஆனது. அரசியல் சட்டத்தில் நூறாவது திருத்தம் கொண்டுவந்து, 2015 ஜூலை 31 நள்ளிரவில் மாற்றிக்கொண்டார்கள். நம் பக்கம் 17,160 ஏக்கர் கொடுத்தோம், 7,110 ஏக்கர் வாங்கினோம். 2011 கணக்கெடுப்பில் இரு பக்கமும் சேர்த்து 51,549 பேர். யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று அவரவரையே கேட்டார்கள். நமக்குள் இருந்தவர்கள் இந்தியர்களாகிவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி இந்தியாவுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களைத் தின்ஹாட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரியில் தகரக் கொட்டகை முகாம்களில் வைத்திருந்தார்கள். தஹாகிராம் மட்டும் இன்னும் வங்கதேசமாகவே நம்மால் சூழப்பட்டு இருக்கிறது. தீன் பிகா என்ற சின்ன வழி அதைச் சேர்க்கிறது. 1992-இல் அந்த வழி திறந்தது. முதலில் பகலில் சில மணி நேரம்தான், 2011-இலிருந்து 24 மணி நேரமும்.

கரும்பலகை:

சார்ட் முடிந்துவிட்டது. மேலே 15,106.7 என்றும், பக்கத்தில் சிறியதாக "பாடப்புத்தகத்தில் சுமார் 15,200" என்றும் எழுதினேன். ஏழு நாடுகளும் இருக்கின்றன, வடமலை. ஆனால் ஒரே நிறக் கோடாகப் போடவில்லை. ஒப்புக்கொண்ட எல்லைக்குக் கறுப்பு, கட்டுப்பாட்டுக் கோடுகளுக்குச் சிவப்பு, ஆப்கானிஸ்தானின் 106-க்குப் புள்ளிக்கோடு. கீழே எல்லைக்கல் ஐயா சொன்னதையே எழுதினேன்: "சட்டப்படி நமது எல்லை. 1947 முதல் அந்தப் பகுதி பாகிஸ்தான் வசம்." மோரேக்குப் பச்சைப் புள்ளி. கல்வானுக்குப் பக்கத்தில் ஹவில்தார் பழனி பெயர்.

அந்தப் பெண் புள்ளிக்கோட்டைப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கேட்டது தப்பில்லையே டீச்சர்" என்றாள். தப்பில்லை, அன்றைக்கு உன்னை உட்கார வைத்ததுதான் தப்பு என்று வகுப்புக்கு முன்னால் சொன்னேன்.

அப்புறம் சிட்மஹல் கதையைச் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி. "நமக்குள்ள இருந்த அந்தத் துண்டுல, பிள்ளைங்க எந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு?" தீஸ்தாக்கரை, இதற்கு உங்களால்தான் பதில் சொல்ல முடியும்.

தீஸ்தாக்கரை:

டீச்சர், அந்தத் துண்டுகளில் பள்ளிக்கூடமே கிடையாது. வங்கதேசத்துப் பள்ளிக்குப் போக இந்தியாவைத் தாண்ட வேண்டும், தாண்ட அனுமதி இல்லை. பக்கத்து இந்தியப் பள்ளியில் சேர இந்திய முகவரி வேண்டும், இந்தியத் தகப்பன் வேண்டும். அதனால் பக்கத்து இந்திய ஊரில் தெரிந்த ஒருவரின் பெயரை அப்பா என்று எழுதிக் கொடுத்துச் சேர்ப்பார்கள். எங்கள் கிளையில் கணக்குத் தொடங்க வந்த ஓர் இளைஞனின் சான்றிதழில் ஒரு அப்பா பெயர், 2015-க்குப் பிறகு வாங்கிய அடையாள அட்டையில் வேறொரு அப்பா பெயர். எது சரி என்று கேட்டேன். அட்டையில் இருப்பதைக் காட்டி, "இவர்தான் என் அப்பா, சார். இப்போதுதான் எழுத முடிந்தது" என்றான்.